ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே நம் அம்பாசிடர்

இன்று காலை சிங்காநல்லூர் சிக்னலில், நம் மகளின் புதுக் கார் பாதி வழியில் நின்றுபோய்விட்டது என்று நினைத்து நான் கத்திவிட்டேன். சிவப்பு விழுந்தது, அவள் பிரேக்கை மிதித்தாள், எஞ்சின் பட்டென்று அடங்கிவிட்டது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "ஐயோ, நின்னுபோச்சு கண்ணு, ஓரமாத் தள்ளிரலாம்" என்று கதவைத் திறக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சும்மா இரும்மா. நின்னா அதுவே ஆஃப் ஆயிக்கும். பிரேக்கை விட்டா அதுவே ஸ்டார்ட் ஆயிக்கும். பெட்ரோல் மிச்சம்" என்றாள். பச்சை விழுந்ததும் அவள் சொன்னபடியே ஆனது. எனக்குத்தான் வீடு வந்து சேரும்வரை படபடப்பு அடங்கவில்லை.

நிற்கும்போது ஓடாத எஞ்சினை நீங்கள் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால், "அப்பறம் அதோட கொணத்த எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று அவளிடம் சண்டைக்குப் போயிருப்பீர்கள். மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். இருந்த காலத்திலேயே நான் எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கடைக்காரரிடம் நீட்டிய ஆள்தானே நீங்கள். இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் போய் இதைச் சொல்வது?

எஞ்சினுக்கு ஐடிலிங் என்று ஒன்று உண்டு என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் தனக்குத்தானே ஓடிக்கொண்டிருக்குமே, அந்த ஓட்டம். நீங்கள் டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் உடனே சாவியைத் திருகமாட்டீர்கள். வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்று எரிந்துகொண்டிருப்பேன். "ரோட்டுல ஓடறப்ப எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் அம்மணி. சும்மா நிக்கறப்பத்தான் அதோட வவுத்துல என்ன இருக்குதுன்னு தெரியும்" என்பீர்கள். என் வயிற்றில் இருந்த எரிச்சல் மட்டும் உங்களுக்குக் கேட்டதே இல்லை.

தொண்ணூறுகளில் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக டீசலுக்கு மாறினார்கள். நீங்கள் மட்டும் பெட்ரோல் அம்பாசிடரை விடவில்லை. டீசல் எஞ்சின் நிற்கிற இடத்திலெல்லாம் பங்காளிச் சண்டை போடுகிறது என்று சொல்லிவிட்டீர்கள். அந்த வண்டியில் ஏறி யார் யாரோ பழனிக்குப் போனார்கள், ஊட்டிக்குப் போனார்கள். கொடுமுடிக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள் என்று உங்களுக்கே கணக்கு இருக்காது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் பரிகாரத்துக்குப் போனார்கள், அஸ்தி கரைப்பவர்கள் மடியில் சின்னப் பானையோடு போனார்கள். காவிரி இப்படி ஓடியது, அப்படி ஓடியது என்று வந்து கதை சொல்வீர்கள். நான் அந்த வண்டியில் காந்திபுரத்தைத் தாண்டியது கிடையாது.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எடமிருக்குது, பொண்டாட்டிக்குத்தான் எடமில்ல" என்று நான் சொல்லிக் காட்டாத நாள் குறைவு. நீங்கள் கோபப்படமாட்டீர்கள். "ஒருக்கா உன்னையக் கூட்டிட்டுப் போறேன் கண்ணு. நீ மகாராணியாட்டம் பின்னால உக்காந்துக்க" என்பீர்கள். உடனே ஸ்டாண்டிலிருந்து ஆள் வந்து, வாடகை வந்திருக்கிறது என்பான். மகாராணி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்புறம் உங்களுக்கு அந்த இருமல் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நுரையீரலில் கட்டி என்றார்கள், ஆஸ்பத்திரியில் முதல் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தீர்கள். புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. ஸ்டாண்டில் எப்போதும் நீங்கள் முன்னால் நின்றுதான் ஆயுத பூஜை நடக்கும், அந்த வருஷம் நீங்கள் இல்லாமல் நடந்தது. உங்கள் பக்கத்துக் கார்க்காரன் மணி பிரசாதப் பொரியை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தான். உங்களைவிடச் சின்னவன், உங்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். "உங்க வண்டிக்குத்தானுங்ணா பர்ஸ்ட் பூசை. மாலை, எலுமிச்சம்பழம், எல்லாமே ஒரு பங்கு சேர்த்தியே பண்ணிப்போட்டோம்" என்றான். நீங்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் அப்போதெல்லாம் கையாலேயே பாதி பேசினீர்கள்.

ஒருநாள் பெரிய டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்குங்கம்மா. அவருக்கு என்ன ஆசையோ செய்யுங்க" என்றார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தீர்கள், உங்களுக்கு அது போதுமாக இருந்தது. "கொடுமுடிக்குப் போலாமா அம்மணி?" என்றீர்கள். "நானும் பின்னால உக்காந்துக்கறேன். என்ற வண்டீல நான் ஒருநாளும் பின்னால உக்காந்து போனதில்ல. நீயும் நானும். மணி ஓட்டட்டும்." இவ்வளவைச் சொல்வதற்குள் நடுவில் எத்தனை முறை நிறுத்தினீர்கள்.

டாக்டரிடம் கேட்டேன். போகலாம், ஆனால் ஆட்டம் அசைவு கூடாது, சீக்கிரம் போங்கள் என்றார். சீக்கிரம் என்று அவர் சொன்னது வேகத்தை அல்ல. மணியிடம் வண்டியை எடுத்துவரச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"அக்கா, வண்டி சொன்ன பேச்சுக் கேக்க மாட்டீங்குதுங்க. கால எடுத்தாலும் எஞ்சின் எறங்க மாட்டீங்குது, அலறுது. பிரேக்க அமுத்திப் புடிக்காட்டி முன்னால போற ஆளு மேலயே ஏறிரும்போல இருக்குது. ஒரு நேரம் சரியா இருக்குது, மறு நேரம் பேயாட்டம் கத்துது. பேசாம என்ற டீசல் வண்டீல போயிரலாமுங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், உங்கள் காதுக்கு எட்டிவிட்டது. நீங்கள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினீர்கள். "என்ற வண்டிக்கு என்னாச்சுன்னு தெரியாம நான் எங்கயும் வரமாட்டேன்" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாகப்போகிற நேரத்திலும் என்ன பிடிவாதம் என்று நினைத்தேன்.

வண்டி உக்கடத்துக்கு, மெக்கானிக் இப்ராகிம் பாயிடம் போனது. நீங்கள் அவரைத் தவிர யாரையும் பானெட்டைத் தொட விடமாட்டீர்கள், அவர் உங்களைத் தவிர யார் சொன்னாலும் கேட்கமாட்டார். பாய் கார்பரேட்டரைக் கழற்றி உள்ளே எல்லாம் கழுவினார். அடியில் இருக்கும் பேக்கிங்கை மாற்றினார். ஒயரைப் பார்த்தார், டைமிங்கைப் பார்த்தார். பட்டறையில் ஒழுங்காக ஓடும், ரோட்டுக்கு வந்தால் மறுபடி அலறும். பாய் ஆஸ்பத்திரிக்கு வந்து உங்கள் கட்டில் ஓரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்குப் புடிபட மாட்டீங்குதுங்க" என்று அவர் சொன்னபோது, ஒரு குழந்தையின் ஜுரம் இறங்கவில்லை என்று சொல்வதைப் போல இருந்தது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன, நீங்கள் சாப்பிடும் கஞ்சி குறைந்துகொண்டே வந்தது.

நீங்கள் ஜன்னலைக் கை காட்டினீர்கள். "இங்க கொண்டாங்க பாய். எனக்குக் கேக்கோணும்."

அடுத்த நாள் காலையில் நம் வண்டி ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. வாட்ச்மேன் முதலில் விரட்டினார். மணி அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு, கேட்டுப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் உங்களைத் தலையணை வைத்து ஜன்னல் கம்பியோரம் சாய்த்து உட்கார வைத்தேன். உங்களால் கீழே கேட்கும்படி கத்த முடியாது. அதனால் நீங்கள் சொல்வதை நான் ஓடிப்போய்க் கீழே சொல்ல வேண்டும், பாய் சொல்வதை மேலே வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வண்டியைப் பற்றி உங்களோடு நான் பேசியது அன்றுதான் முதல் தடவை.

மணி வண்டியைக் கிளப்பினான். காலை எடுத்த பிறகும் அது இறங்காமல் அலறியது. வார்டில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். வாசலில் சொம்போடு நின்று நான் எரிச்சலோடு பார்த்த அதே முகம். அன்றைக்கு அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திகட்டவில்லை.

"சோக்கு முழுசா உள்ள போயிருக்குதான்னு கேளு" என்றீர்கள். ஓடினேன். போயிருக்கிறதாம். "ஐடிலிங் ஸ்க்ரூவ முழுசா லூஸ் பண்ணச் சொல்லு. பண்ணுனா எஞ்சின் நிக்கோணும்." ஓடினேன். பாய் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தினார், எஞ்சின் நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தது. மேலே வந்தேன். "அப்ப ரெண்டுல ஒண்ணு. எங்கியோ திருட்டுக் காத்து உள்ள போகுது. இல்லாட்டி உள்ள இருக்கற தட்டு மூட மாட்டீங்குது" என்றீர்கள். அந்தத் தட்டு எது என்று எனக்குத் தெரியாது. அப்படியே ஒப்பித்தேன். பாய் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டுக் கார்பரேட்டர் அடியில் எல்லா இணைப்பிலும் தடவினார். ஓட்டை இருந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துச் சத்தம் தடுமாறும் என்று எனக்கு விளக்கினார். சத்தம் தடுமாறவில்லை.

"பெடல்ல இருந்து வர்ற கம்பியக் கழட்டி உடச் சொல்லு." கழற்றினார். அப்போதும் அலறல். "இப்பக் கையால அந்த லீவர மெல்ல மூடச் சொல்லு." பாய் ஒரு விரலால் தள்ளினார். சத்தம் சட்டென்று இறங்கியது. மணி கை தட்டினான். நான் மேலே பார்த்தேன், நீங்கள் இன்னும் கண் திறக்கவில்லை. ஓடிவந்தேன். மூச்சு வாங்கியது. இப்போது நம் இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "லீவரு தானாத் திரும்ப மாட்டீங்குது. அந்தக் கம்பி உள்ள போற எடத்துல என்னமோ புடிச்சிருக்குது. உள்ள இல்ல, வெளிய. என்ன இருக்குதுன்னு பாயி பாத்துச் சொல்லட்டும்."

நான் கீழே போய்ப் பாயிடம் கேட்டேன். ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். பிறகு, "அங்க சந்தனம் இருக்குதுங்க தங்கச்சி" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். கார்பரேட்டரின் பக்கத்தில், அந்த லீவர் சுழலும் இடத்திலும், அதை இழுத்து மூடும் ஸ்பிரிங்கிலும், சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். எஞ்சின் சூட்டில் அது ஓடாகக் காய்ந்து இறுகிப்போயிருந்தது. நான் மணியைப் பார்த்தேன். அவன் முகம் செத்துவிட்டது. "எப்பவும் பானெட்டுக்கு மேலதானுங்க வெப்போம். இந்தத் தடவை அண்ணன் நல்லபடியா எந்திரிச்சு வரோணும்னு, ஸ்டாண்டுல இருக்கற அத்தன பேரும் பானெட்டத் தெறந்து ஆளுக்குக் கொஞ்சம் உள்ளயும் வெச்சுபோட்டோமுங்க அக்கா" என்றான்.

"பாய், நீங்க இத்தன நாளு கழட்டி மாட்டுனீங்களே, இதைப் பாக்கலீங்களா?" என்றேன். "பாத்தேனுங்க. சாமிக்கு வெச்சது. அவரு ஒடம்பு சரியாகோணும்னு வெச்சது. அதப் போயி நான் எப்படித் தொடைக்கறது? அது மேல கை படாமச் சுத்தியே வேல பாத்தேன்" என்றார் பாய். பழுதுக்குக் காரணம் அதுவாக இருக்கும் என்று அவருக்கும் ஒரு ஓரத்தில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றிய மாத்திரத்தில் அந்த நினைப்பையே தள்ளி வைத்திருப்பார். நம் ஊர் ஆட்களின் மரியாதை இருக்கிறதே, அது ஆளைக் கொன்றாலும் விடாது.

மேலே வந்து சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். எத்தனை நாளைக்குப் பிறகு! சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். "சாமி கோவிச்சுக்காது. தொடச்சுப்போடச் சொல்லு" என்றீர்கள்.

கீழே வந்தேன். பாய் பெட்ரோலில் நனைத்த துணியை மணியிடம் நீட்டினார். மணி பின்னால் நகர்ந்தான். "அண்ணன் பொழைக்கோணும்னு வெச்சது. என்ற கையால அழிக்கமாட்டேனுங்க" என்றான், அழுதுவிட்டான். பாய் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

குங்குமத்தைத் துடைப்பது என்றால் நம் ஊரில் என்ன என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பாய்க்கும் தெரியும். நான் பாயிடமிருந்து அந்தத் துணியை வாங்கிக்கொண்டேன். எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. சந்தனம் வைத்தவர்கள் மேல் கோபப்பட முடியுமா? துடைக்காதவர் மேல்தான் கோபப்பட முடியுமா? நான் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் உங்கள் முகம் இருந்தது. நீங்கள் தலையை மெதுவாக அசைத்தீர்கள். துடை என்று சொன்னீர்கள். வண்டிக்காக மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

துடைத்தேன். சந்தனம் சுலபத்தில் வரவில்லை. நகத்தால் சுரண்டினேன், மறுபடி நனைத்துத் துடைத்தேன். மஞ்சளும் சிவப்பும் துணியில் இறங்கின. பெட்ரோல் வாசனையும் சந்தன வாசனையும் சேர்ந்து குமட்டியது. துடைத்து முடித்ததும் பாய் அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லீவரை அசைத்தார். அது டக்கென்று தன் இடத்துக்குத் திரும்பியது. கழற்றிய பெடல் கம்பியை மறுபடி மாட்டினார்.

மணி சாவியைத் திருகினான். வண்டி கிளம்பியது. அவன் காலை எடுத்தான். எஞ்சின் ஒரு தரம் குலுங்கி, அப்படியே அணைந்துபோனது.

அந்த அமைதியை நான் எப்படிச் சொல்வேன். மணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துவிட்டான். குங்குமத்தை அழித்தேன், உயிர் போய்விட்டது. அதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் ஓடவில்லை. ஈரத்துணியோடு மாடிப்படியில் விழுந்து எழுந்து ஓடி வந்தேன். நீங்களோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். "பயந்துட்டியா? ஸ்க்ரூவத்தான் முழுசா லூஸ் பண்ணியிருக்குதே கண்ணு. இப்ப நின்னாத்தான் தட்டு சரியா மூடுதுன்னு அர்த்தம். சரியாப் போச்சு" என்றீர்கள். நான் உங்கள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வார்டு என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். நீங்கள் என் தலையில் கை வைத்திருந்தீர்கள். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பேசிவிட்ட மாதிரிதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

அதற்கப்புறம் நான் கீழே ஓடவேண்டி வரவில்லை. பாய் மறுபடி கிளப்பச் சொல்லி, ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். நீங்கள் கம்பிக்கு வெளியே கையை நீட்டினீர்கள். உள்ளங்கை மேலே போனால் அவர் முடுக்கினார், கீழே இறங்கினால் தளர்த்தினார். கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சத்தமும் கூடவே இறங்கியது. பிறகு கை அசையாமல் நின்றது. பாய் திருப்புளியை எடுத்துவிட்டார். எஞ்சின் சின்னக் குரலில், ஒரே சீராக ஓடியது. பக்கத்துக் கட்டில் பெரியவர், "இப்பத்தான் வண்டி தூங்குது" என்றார்.

நாம் கொடுமுடிக்குப் போனோம். மகளைக் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அவ இன்னும் எத்தனையோ ஊருக்குப் போவா. இது உனக்கு" என்றீர்கள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்தேன். நீங்கள் பின்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்தீர்கள், நான் உங்களுக்கு வலதுபக்கம். பல்லடம் தாண்டி, காங்கேயம் தாண்டி, மணி தேர் இழுப்பதைப் போல ஓட்டினான். நீங்கள் முன்சீட்டின் முதுகைத் தடவினீர்கள், கதவுக் கைப்பிடியைத் தடவினீர்கள். "பின்னால இருந்து பாத்தா ஊரே வேற மாதிரி இருக்குது அம்மணி" என்றீர்கள். காற்றாலையும் பனைமரமும் தவிர அந்த ரோட்டில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. உங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆற்றங்கரையில் மணி வண்டியைத் தண்ணீர் தெரிகிற மாதிரி நிறுத்தினான். இறங்கி நடக்க உங்களால் ஆகவில்லை. கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தபடியே பார்த்தோம். காவிரி நிறையப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் யாரோ மொட்டை போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். சாவியைத் திருகப் போன மணியிடம் வேண்டாம் என்று கை காட்டினீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் கதை கதையாகச் சொன்ன ஆறு இதுதானா என்று நான் பார்த்தேன். நீங்கள் சொன்ன அளவுக்கு அகலம் இல்லை. அதை உங்களிடம் சொன்னேன். "பொண்டாட்டிகிட்டச் சொல்றப்பக் கொஞ்சம் சேர்த்தித்தானே சொல்லோணும்" என்றீர்கள்.

திரும்பும்போது உங்கள் தலை என் இடது தோளில் சாய்ந்தது. நீங்கள் தூங்கிவிட்டீர்கள். நான் அசையவில்லை. காங்கேயம் வருவதற்குள் தோள் மரத்துவிட்டது, பல்லடத்தில் வலி கழுத்துவரை ஏறியது. மணி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தலகாணி வெக்கட்டுங்களா அக்கா?" என்று சன்னமாகக் கேட்டான். வேண்டாம் என்றேன்.

சிங்காநல்லூர் வந்து, வாசலில் வண்டி நின்று, எஞ்சினை அணைத்ததும் நீங்கள் விழித்துக்கொண்டீர்கள். சத்தத்தில் எழுந்திருக்காத ஆள் சத்தம் நின்றதும் எழுந்தீர்கள். "ஏன் நிறுத்திப்போட்டான்?" என்றீர்கள். "ஊடு வந்துருச்சுங்க" என்றேன். வீட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "இன்னொரு சுத்துப் போலாமா?" என்று கேட்டீர்கள்.

மணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவியைத் திருகினான். குளத்துப் பக்கம் போய்த் திரும்பினோம். வாசல் வந்தது. அவன் நிறுத்தவில்லை, மறுபடி குளத்துப் பக்கமே போனான். உங்கள் தலை மறுபடி என் தோளுக்கு வந்துவிட்டது. வெயில் இறங்கி, குளத்தில் கொக்குகள் எல்லாம் கிளம்பிப் போகும்வரை அந்த ரோட்டிலேயே போய்ப் போய் வந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வாசலில் நின்று, வண்டி நிற்காமல் போவதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் கை ஆட்டினாள். கடைசியில் ஊர்க்காரர்கள்தான் உங்களை இறக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சரியாக முழிக்கவே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வண்டியைப் பிறகு தாராபுரத்துக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். அது தெருமுனை திரும்பும்போது நான் வெளியே வந்து பார்க்கவில்லை. பாய் இருந்தவரைக்கும் ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பினார், மணி இன்றைக்கும் ஆயுத பூஜைக்குப் பொரி கொண்டுவருகிறான். ஒருவரும் அந்தக் காலையைப் பற்றிப் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. உங்களை நினைத்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குச் சோறு இறங்குவதில்லை, அவ்வளவுதான். காலம் ஆற்றும் என்றார்கள். எனக்கு ஆற்றவில்லை.

போன மாதம் தெருவில் புதிதாக வந்திருக்கும் தையல்காரப் பெண்ணிடம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனேன். டேப்பை இந்தத் தோளில் வைத்தாள், அந்தத் தோளில் வைத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். "ஏனுங்க அத்தை, உங்களுக்கு எடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்குதுங்க. அந்தப் பக்கம் உள்ள துணி வெச்சு எடுப்பாத் தெச்சுரட்டுங்களா? ரெண்டும் சமமாத் தெரியுமுங்க" என்றாள்.

"வேண்டாம் கண்ணு" என்றேன். "அது எறங்குனபடியே இருக்கட்டும். நீ அதுக்குத் தகுந்தாப்புல அளவெடு."